கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்கு வாங்கலாமா?

சென்ற அறுவடை முடிந்த கையோடு வாடிப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெரிய விவகாரம் கிளம்பிற்று. என் மனைவியின் தமையனாரிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்ந்திருந்தது. இரண்டு வருஷத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப் போகும் பெண்ணுக்கான பணம் அது.

"மாப்பிள்ளை! எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸ் பங்கு ஒரு வேளைக் காப்பி விலைக்குக் கிடைக்கிறதாம். சுதேசிக் கம்ப்யூட்டர் கம்பெனி. ஸ்தாபித்தவர் சிவ நாடார், நம் மதுரை அமெரிக்கன் காலேஜில் வாசித்தவர். இதைவிட என்ன வேண்டும்?" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. சிவ நாடாரும் நண்பர்களும் 1976-இல் இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் என்ற பெயரில் அந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் அமெரிக்க ஐ.பி.எம். கம்பெனி, அந்நியர் பங்கைக் குறைக்கச் சொன்ன நம் சட்டத்துக்கு இணங்காமல் மூட்டை கட்டிற்று. களம் காலியாயிற்று, நம்மவர் முன்னேறினார்கள். பிற்காலத்தில் புதுச்சேரியில் தொழிற்சாலை நடந்தது. அந்தக் கம்ப்யூட்டர்கள் எத்தனையோ சர்க்கார் ஆபீஸ்களையும் பள்ளிகளையும் அடைந்தன.

ஆனால் கம்ப்யூட்டரின் மூளையான சில்லு அந்நிய நாட்டிலிருந்தே வர வேண்டும். இங்கே நடப்பது பெரும்பாலும் பூட்டுகிற வேலைதான். 1997-இல் இந்தியா ஒப்புக்கொண்ட சர்வதேச உடன்படிக்கையால் இறக்குமதி வரி படிப்படியாக மறைந்தது. வாங்கி வைத்த சாமானோ மாதத்துக்கு மாதம் விலை இறங்கும். அழுகும் தக்காளியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வியாபாரியின் நிலைமைதான்! ஐ.பி.எம்.மே 2005-இல் தன் சிறு கம்ப்யூட்டர் தொழிலைச் சீனக் கம்பெனியாகிய லெனோவோவிடம் விற்றுவிட்டது. எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸ் 2013-இல் கம்ப்யூட்டர் செய்வதையே நிறுத்திற்று. அதன் பின் வருஷக் கணக்கில் நஷ்டம். கடன் சொத்தையும் மிஞ்சிற்று.

"அப்படியானால் எச்.சி.எல். கொழிக்கிறது என்கிறார்களே?" என்று அவர் விடவில்லை.

கொழிப்பது எச்.சி.எல். டெக்னாலஜீஸ் என்னும் வேறொரு கம்பெனி. 1999-இல் பங்கு விற்பனைக்கு வந்தது. சாப்ட்வேர் வேலை அதன் தொழில். மதுரையிலும் ஆபீஸ் உண்டு. 2015-இலும் 2019-இலும் ஒன்றுக்கு ஒன்று இலவசப் பங்கு கொடுத்தது. பெயர் ஒன்று, கணக்குப் புத்தகம் வேறு.

தேசாபிமானத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் திட்டமிட்டார். வாங்கியவர்கள் லாபத்துக்கு மட்டும் வாங்கவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908-இல் அவர் சிறை சென்றார். 1911-இல் கம்பெனி கலைந்தது. தேசத்துக்குக் கொடுத்த பணம் என்று அவர்கள் மனம் ஆறியிருக்கலாம். பெண்ணின் காலேஜ் சம்பளத்தை அப்படிக் கொடுக்கலாமா?

உள்ளிருந்து என் மனைவி, "அண்ணே, அந்தக் கம்பெனியின் வருஷ அறிக்கையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். அவர் பார்க்கவில்லை. விலையை மட்டுமே பார்த்திருந்தார்.

கடைசியில் பணம் தபாலாபீஸில் இரண்டு வருஷ டிபாசிட்டுக்குப் போயிற்று. நல்ல சாப்ட்வேர் கம்பெனிப் பங்கும் இரண்டு வருஷத்தில் பாதியாகக் கூடுமல்லவா? ஆனாலும் மலிவுப் பங்கில் பத்து மட்டும் வாங்கியே தீருவேன் என்கிறார். அமெரிக்கன் காலேஜுக்காகவாம்!