விலை ரூபாயில், வசூல் எதில்?
18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்த ஃபிராங்கே அனாதை இல்லம் தன் மருந்துகளை ரஷ்யா, வட அமெரிக்கா வரை விற்றது. உள்ளூர்க் கணக்கு தாலர் நாணயத்தில். தென் ஜெர்மனியிலோ குல்டன். 1838-இல் டிரெஸ்டன் உடன்படிக்கை 4 தாலருக்கு 7 குல்டன் என நிலைநிறுத்தியது. யூரோவுக்கும் ரூபாய்க்கும் அப்படி நிலையான விகிதம் கிடையாது. ஆகவே யூரோவில் விலை வைத்து இந்தியாவுக்கு விற்கும் இணையக் கடை, அந்த விலையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி ரூபாயில் காட்டுகிறது. வாங்குபவரால் உள்ளூர் விலையோடு உடனே ஒப்பிட முடிகிறது.

விகிதம் மாறினால் விற்பவருக்கு நட்டமாகாதா? ஆகலாம். சிறு தொகையைக் கூட்டி, பணம் கட்டும்வரை விலையைப் பூட்டிவைத்தால் அதைச் சமாளிக்கலாம். பெரிய சிக்கல் வேறு: ரூபாயில் காட்டிவிட்டு யூரோவில் வசூலிப்பது. 20 யூரோ பொருளுக்கு 2,000 ரூபாய் எனக் காட்டியிருக்க, வங்கி 3.5 சதவீதக் கட்டணம் சேர்த்தால் 2,070 ஆகிவிடும். காட்டிய நாணயத்திலேயே வசூலிப்பதுதான் நேர்மை. இயலாவிட்டால் ‘தோராய விலை’ என்றாவது எழுத வேண்டும்.