மாலையில் ஒரு பூ! காலையில் ஒரு கேள்வி!

எழுதப் படிக்கத் தெரியாத தாய், தன் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் படிக்க உதவ முடியுமா?

முடியும்! அதற்கு வழி, காவிரிக் கரையின் திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது.

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 1855-ம் ஆண்டு பிறந்தவர். கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். திண்ணைப் பள்ளியில் படித்ததை "என் சரித்திரம்" என்ற நூலில் எழுதி இருக்கிறார்.

வாதுபூ

மாலையில் பள்ளிக்கூடம் விடும்போது, வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரைச் சொல்லி அனுப்புவார். அதற்கு "வாதுபூ" என்று பெயர். மறுநாள் மறக்காமல் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

விளையாட்டு போலத் தோன்றுகிறது அல்லவா? இதைத்தான் இன்றைய விஞ்ஞானமும் சொல்கிறது!

2006-ம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடத்தை 4 வேளையும் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒரு வேளை படித்தார்கள். மீதி 3 வேளையும் பார்க்காமல் நினைவில் இருந்து எழுதினார்கள்.

ஒரு வாரம் சென்றது. படித்துக் கொண்டே இருந்தவர்களுக்கு 100-க்கு 40 பங்குதான் நினைவு இருந்தது. நினைத்து எழுதியவர்களுக்கோ 61 பங்கு!

காரணம் என்ன? நினைவு, வயலுக்குப் போகும் வாய்க்கால் போன்றது. தூர் வாரினால் தண்ணீர் தடையின்றி ஓடும். ஒரு சொல்லைத் தேடி எடுக்க எடுக்க, மூளையில் அதற்கு வழி சீராகும்.

பிரம்பு வேண்டாம்

அந்தக் காலத்துத் திண்ணையில் பிரம்படியும் உண்டு. அது நமக்கு வேண்டாம். பயந்த பிள்ளையின் மனம் சொல்லைத் தேடாது. தப்பிக்கும் வழியைத் தேடும். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தடை செய்துள்ளது.

இன்று இரவே தொடங்கலாம்

சாப்பிடும்போது பிள்ளையிடம் கேளுங்கள்: "இன்று படித்த புதுச் சொல் என்ன? அதற்கு என்ன அர்த்தம்?"

புத்தகம் மூடியே இருக்கட்டும். பிள்ளை விழித்தால் அதட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அப்படியும் வராவிட்டால், பிள்ளையே புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்லட்டும்.

மறுநாள் காலையில் அதையே கேளுங்கள். 3 நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

நடவுக்குப் போய் வரும் தாயும் இதைச் செய்யலாம். அதற்கு எழுத்து தெரிய வேண்டியது இல்லை. அன்பாகக் கேட்கத் தெரிந்தால் போதும்!