ஏழாவது கல்

பெரியம்மாவின் வலக்காதுத் தோட்டில் ஒரு கல் கழன்று விழுந்துவிட்டது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என ஏழு கல் வைரத்தோடு அது. வவுணதீவிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் புதுக்கல் பதித்து வந்தோம். பழைய பற்றுச்சீட்டில் நிறத்தரம் ‘ஜே’, புதியதிலும் ‘ஜே’தான். மறுநாள் முற்றத்து வெயிலில் தோட்டைக் கையில் வைத்துப் பார்த்தவர் சொன்னார்: “இஞ்ச பார் மனே, ஆறு கல்லும் ஒரு மாதிரி. இது மட்டும் வெறுந்தேத்தண்ணி நிறத்தில கிடக்கு.”

கடைக்காரர் ஏமாற்றவில்லை. பெரியம்மாவின் கண்ணும் பிழைக்கவில்லை.

வைரத்துக்கு இன்று உலகெங்கும் வழங்கும் நிற அளவை அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் 1953இல் கொண்டுவந்தது. நிறமே இல்லாத கல் ‘டி’. அங்கிருந்து ‘இசட்’ வரை 23 படிகள். கல்லை வெள்ளைத் தட்டில் குப்புறக் கிடத்தி, மாதிரிக் கற்களோடு ஒப்பிடுவார்கள். நிமிர்த்தி வைத்தால் மினுக்கம் சாயலை மறைத்துவிடும். மாதிரிக் கற்களில் படிப்படியாக ஏறுவது மஞ்சள். ஆனால் பழுப்பும் சாம்பலும் ஓடிய கற்களுக்கும் இதே அளவுதான். நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையே எழுத்து சொல்கிறது. என்ன நிறம் என்பதை அது சொல்வதில்லை. ‘கே’ முதல் கீழே, கல் பழுப்பென்றால் அறிக்கையில் எழுத்தோடு அதையும் குறிப்பார்கள். ‘ஜே’க்கு அந்தக் குறிப்பு இல்லை. போதாததற்கு, ஒவ்வோர் எழுத்தும் ஒரு புள்ளியல்ல, ஓர் இடைவெளி. ‘ஐ’யை ஒட்டிய ‘ஜே’யும் உண்டு, ‘கே’யை ஒட்டிய ‘ஜே’யும் உண்டு.

சாயல்கள் பிறக்கும் விதமும் வேறு வேறு. வைரம் காபன் அணுக்களின் அடுக்கு. காபன் இருக்கவேண்டிய இடத்தில் நைதரசன் புகுந்து, மூன்று நைதரசன் அணுக்கள் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து நின்றால், அந்த அமைப்பு 415 நானோமீற்றர் அளவிலுள்ள ஊதா ஒளியை விழுங்கும். மிச்ச ஒளி மஞ்சளாய்த் தெரியும். பழுப்புக்குப் பெரும்பாலும் அந்நிய அணு தேவையில்லை. பூமியின் ஆழத்து அழுத்தத்தில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உருக்குலைகின்றன. அப்போது உண்டாகும் வெற்றிடக் கூட்டங்கள் ஒளியை விழுங்குகின்றன. சில கற்களில் காரீயம் (கிராபைட்) போன்ற நுண்துகள்கள் சாம்பல் நிறம் தருகின்றன. மூன்று வகைக் கற்களும் ‘ஜே’யில் வந்து சேரலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று: மஞ்சளைத் தரும் அதே நைதரசன் அமைப்பு, கழியூதாக் கதிர் பட்டால் நீலமாய் ஒளிரும். நீலம் மஞ்சளைத் தணிப்பதால், அப்படிப்பட்ட கல் நடுப்பகல் வெயிலில் வெள்ளையாகத் தோன்றும். கழியூதா அநேகமாக இல்லாத எல்ஈடி பல்பின் கீழ் அதன் மஞ்சள் வெளியே வரும். வைரங்களில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை ஏதோ ஓரளவு ஒளிர்பவை. தமிழ்நாட்டு நகைக்கடைகளில் இன்னும் மதிப்போடு சொல்லப்படும் ‘ப்ளூ ஜாகர்’ என்ற பெயரும் இந்த நீலத்திலிருந்து வந்ததுதான். தென்னாபிரிக்காவில் 1870இல் வைரம் கண்டெடுக்கப்பட்ட யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தின் நீலவெள்ளைக் கற்களுக்கு வைத்த பெயர் அது.

கல்லின் சாயலைக் கண்ணால் பிரித்தறிவது நம்மிடையே பழைய வித்தை. மதுரை இரத்தினக் கடைத்தெருவை விவரிக்கும் இளங்கோ, சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் வைரத்தின் நால்வகைக் குற்றத்தோடு நால்வகை நிறத்தையும் சொல்கிறார். ஆனாலும் தனிக்கல் மோதிரத்தில் இலேசான பழுப்பை யாரும் கவனிக்கமாட்டார்கள். அது குறையும் அல்ல. ஏழு கல் தோட்டில் ஆறு கற்கள் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் முறையும் தோட்டோடு கடைக்குப் போனோம். நாலைந்து ‘ஜே’ கற்களை வெள்ளைக் கடதாசியில் பரப்பி, வாசல் வெளிச்சத்தில் ஒன்றைப் பெரியம்மாவே தேர்ந்தார். நீங்களும் கல் மாற்றப் போனால் பழைய நகையைக் கையோடு கொண்டுபோங்கள். பதிக்குமுன் புதுக்கல்லை அதன் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, பல்பின் கீழ் ஒருமுறை பாருங்கள்.