துவக்குக் குழலும் துருவும்

மாணவர்களே, இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் அவசியம் என்பதை அறிவீர்கள். உப்பு அதனை விரைவுபடுத்தும். இதற்கு நல்லதோர் உதாரணம், விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் றிம்பயர் தோட்டாவாகும்.

தயாரிப்பு: மெல்லிய பித்தளைத் தகடு கிண்ணமாக இழுக்கப்பட்டு, அடியில் உட்குழிவான விளிம்பு அமைக்கப்படும். ஈரமான தீமூட்டும் கலவையை இட்டுச் சுழற்றும்போது அது விளிம்பினுள் பரவும். உலர்ந்தபின் வெடிமருந்தும் ஈயக் குண்டும் சேர்க்கப்படும்.

விளைவு: பழைய கலவைகளில் பொற்றாசியம் குளோரேற்று இருந்தது. தீக்குச்சித் தலையிலும் இதுவே உண்டு. இது ஒட்சிசனைக் கொடுத்தபின், பொற்றாசியம் குளோரைட்டு என்னும் உப்பாகக் குழலினுள் படியும். ஈரலிப்பான வளியில் அவ்வுப்பு நீரை ஈர்க்க, உருக்குக் குழல் அரிக்கப்பட்டுக் குழிகள் விழும். இவ்வுப்பை விடாத கலவைகள் 1920களில் பரவத் தொடங்கின.

கவனிக்க: "எண்ணெய் பூசினால் போதும்" என விடை எழுதாதீர்கள். உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே அக்காலத்தில் குழலைச் சுடுநீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் பூசினர்.

நம் வாழ்வில்: ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியில், கவ்வாத்துக் கத்திக்கும் இதே விதிதான். வியர்வையின் உப்பைக் கழுவாமல் எண்ணெய் பூசினால், எண்ணெயின் அடியிலேயே துரு ஏறும். அப்பாவின் நாட்சம்பளம் அந்தக் கத்தியின் கூரில் தங்கியுள்ளது. இன்று மாலை நீங்களே அதைக் கழுவித் துடைத்து வையுங்கள், விடையும் மறக்காது.