தோல் ஷாப்பின் அறிவை யார் எழுதுவது?

மும்பைத் தாராவியில் தோல் பதனிட்ட தமிழர்களின் தொழில்நுட்பம், அவர்கள் இருக்கும்போதே தமிழில் பதிவாக வேண்டும்.

சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் கைப்பை, பெல்ட், ஜாக்கெட் விற்கும் தோல் கடைகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. ஆனால், பச்சைத்தோலைப் பதனிட்ட ஷாப்புகள் பெரும்பாலும் தாராவியை விட்டுப் போய்விட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் இந்தத் தொழிலை இங்கே வளர்த்தார்கள். தோல் கிடைக்கப் பக்கத்தில் பாந்த்ராவிலேயே இறைச்சிக்கூடம் இருந்தது. 1971இல் அது செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியது. பிறகு மாசுக்கட்டுப்பாடும் இறுகியது.

ஷாப்போடு ஓர் அறிவும் வெளியேறுகிறது. தென்னாட்டு மரபுப்படி, உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் களைவார்கள். ஒட்டியிருக்கும் சதையைச் சீவியபின் ஆவாரம் பட்டை ஊறிய நீரில் போடுவார்கள். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகாமல் காக்கும். எடுத்த எடுப்பில் கடும் சாற்றில் போட்டால் மேல்புறம் இறுகி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். அதனால் இளஞ்சாற்றில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். முடிவில் கடுக்காய் நீர், எண்ணெய். எப்போது அடுத்த தொட்டிக்கு மாற்றுவது என்பதைத் தோலைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இதை எழுதியவர்கள் உண்டு. பம்பாய் மாகாணத் தோல் தொழிலைப் பற்றி மார்ட்டின் 1903இலும், சென்னை மாகாணத்தைப் பற்றி ஆல்பிரட் சாட்டர்டன் 1904இலும் ஆங்கிலத்தில் அறிக்கை வெளியிட்டார்கள். அவை அரசுக்காக எழுதப்பட்டவை. தொழிலாளியின் கைக்கு வரவில்லை.

செய்முறையை எழுதிவைப்பதற்குச் சீனத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. சொங் யிங்சிங் என்ற அறிஞர், தலைநகரத் தேர்வுகளில் பலமுறை தேறாதவர், 1637இல் ‘தியென்கொங் காய்வூ’ என்ற நூலை வெளியிட்டார். நெல், உப்பு, சர்க்கரை, மட்பாண்டம், காகிதம், வார்ப்பு என 18 அத்தியாயங்கள், ஏராளமான படங்கள். பதவி உயர்வுக்கு இந்நூல் உதவாது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். பின்னாளில் சீனத்திலேயே கிடைப்பதற்கரிதான அந்நூல், 1771இல் ஜப்பானில் அச்சேறியிருந்ததால் 20ஆம் நூற்றாண்டில் தாய்நாட்டுக்கு மீண்டது. எழுதிவைத்த அறிவுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு உண்டு.

தமிழில், திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்வை எழுதிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அது போராட்டத்தின் பதிவு. தொழிலின் செய்முறைக்கும் அதே அக்கறை வேண்டும்.

தாராவி மறுசீரமைப்பு, அண்டை வீட்டாரைத் திசைக்கொருவராகப் பிரிக்கக்கூடும். அதற்குள் மாட்டுங்கா, சயான், செம்பூர் தமிழ் அமைப்புகள் முதியவர்களைத் தேடிப் போகட்டும். எந்தத் தொட்டியில் எத்தனை நாள், சாற்றின் பதம் என்ன, எந்த வேலைக்கு எந்தக் கத்தி, சுண்ணாம்பு கையை அரித்தபோது என்ன செய்தார்கள் என்று அவர்கள் வாய்ச்சொல்லிலேயே பதியட்டும். அவர்கள் இசைந்தால், நூலாசிரியர் என்ற இடத்தில் அவர்கள் பெயரே அச்சாகட்டும். காலமெல்லாம் சாதி இழிவையும் நாற்றத்தையும் சுமந்து ஒரு பெருந்தொழிலை நிலைநிறுத்தியவர்களுக்கு மும்பைத் தமிழர்கள் பட்டிருக்கும் கடன் அது.