வயலினுக்குள் ஓர் உயிர்

உள்ளங்கையை மூக்குக்கு நேரே வைத்து மூச்சு விட்டுப் பாருங்கள். இளஞ்சூடாகக் காற்று படுகிறது, இல்லையா? பழங்கால ரோமானியர்கள் இந்தக் காற்றை லத்தீன் மொழியில் ‘அனிமா’ என்றார்கள். வீசும் காற்றும் அனிமா, விடும் மூச்சும் அனிமா, உயிரும் அனிமா, ஆன்மாவும் அனிமா! மூச்சு நின்றால் உயிர் போய்விடுகிறது. அதனால் இரண்டுக்கும் ஒரே பெயர் அவர்களுக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கும். நம் ஊரிலும் ‘மூச்சு அடங்கிவிட்டது’ என்றால் இறந்துவிட்டார் என்றுதானே பொருள்?

மூச்சு விடுவதால் விலங்குக்கு ‘அனிமல்’ என்று பெயர் வந்தது. ஓவியத்துக்கு உயிர் கொடுத்து ஓடவிடுவது அனிமேஷன். ஆக்சிஜனை நாம் பிராணவாயு என்கிறோமே, அந்தப் ‘பிராண’னும் அனிமாவுக்குத் தூரத்துச் சொந்தம். மூச்சு விடுவதைக் குறித்த மிகப் பழைய வேர்ச்சொல் ஒன்றிலிருந்துதான் இரண்டும் முளைத்தன.

சரி, உயிர் உடம்பை எப்படி அசைக்கிறது? சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ரோம் நகரில் மருத்துவம் பார்த்த கேலன் ஒரு விடை சொன்னார். மூளையிலிருந்து நுண்ணிய ஆவி ஒன்று நரம்புகள் வழியே ஓடுகிறதாம். உணர்ச்சிக்கும் அசைவுக்கும் அதுதான் காரணமாம். அந்த ஆவிக்கு லத்தீனில் ‘ஸ்பிரிட்டஸ் அனிமாலிஸ்’ என்று பெயர் வந்தது. பார்த்தீர்களா, அதற்குள்ளும் அனிமா! அந்த ஆவி தசைக்குள் புகுந்து அதை உப்பச் செய்கிறது என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள்.

உண்மையிலேயே தசை உப்புகிறதா? 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த யான் ஸ்வாமர்டாம் அதைச் சோதித்தார். ஒரு தவளையின் தசையை நரம்போடு எடுத்து, கண்ணாடிக் குழலுக்குள் அடைத்தார். குழலின் ஒரு முனை மிக ஒடுங்கியது. அதில் ஒரு துளி நீர். நரம்பை மெல்ல இழுத்ததும் தசை வெடுக்கென்று சுருங்கியது. ஆவி புகுந்து தசை பெருத்திருந்தால், உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்பட்டு நீர்த்துளி மேலே ஏற வேண்டும். துளி ஏறவே இல்லை! கொஞ்சம் கீழேகூட இறங்கியது. வடிவம் மாறினாலும் தசை பெருக்கவில்லை. 1500 ஆண்டு நம்பிக்கையை அசைத்துப் பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதுமாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

பிறகு 1791இல், இத்தாலியின் போலோக்னா நகரத்து லூய்ஜி கால்வானி, மின்சாரத்தால் தவளையின் கால் துடிப்பதைப் பற்றி நூல் வெளியிட்டார். நரம்பில் ஓடுவது மின் துடிப்பு என்று இன்று நமக்குத் தெரியும்.

இத்தாலிய மொழியில் இன்னோர் அனிமா இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அடுத்த முறை வயலினைப் பார்த்தால், மேற்பலகையில் வளைந்திருக்கும் துளை வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில், மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே சிறு மரக்குச்சி ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் பெயர்தான் அனிமா! மேற்பலகையின் அதிர்வை அது கீழே கொண்டுசேர்க்கிறது. தந்திகளின் அழுத்தத்தையும் தாங்குகிறது. குச்சியைக் கொஞ்சம் நகர்த்தினாலே நாதம் மாறிவிடும். எடுத்துவிட்டாலோ, வயலினின் குரல் வலுவிழந்து போகும்.

அந்தக் குச்சியைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. இரு பலகைகளுக்கும் இடையே இறுகிப் பிடித்துக்கொண்டுதான் அது நிற்கிறது. ஆகவே வயலின் கற்கும் பிள்ளைகளே, தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அழுத்தம் போனால் குச்சி சாய்ந்துவிடலாம். அதை மறுபடி நிறுத்துவதற்கு வயலின் பழுதுபார்ப்பவரிடம் தனிக் கருவியே இருக்கிறது.