மார்ச் 27: கரும்பலகையில் ஒரு நாள்



மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள் உள. கதிரவன் எழுகின்ற திசையில் இருப்பது எழுவான்கரை. அவன் படுகின்ற திசையில் இருப்பது படுவான்கரை. யான் அதிபராகப் பணிபுரியும் அரசினர் பாடசாலை படுவான்கரையில், சின்னக் கதிர்காமம் என்று அடியார்கள் போற்றும் முருகன் கோயில் விளங்குகின்ற மண்டூரில் உள்ளது. அங்கே காலைக்கூட்டம் நடைபெறும் மண்டபத்தின் வாயிலில் ஒரு சிறிய கரும்பலகை தொங்குகின்றது. அதன் தலைப்பு ‘இன்றைய நாள்’. அன்றைய திகதியில் உலகில் நிகழ்ந்தவை, பிறந்த பெரியோர், இறுதியில் மாணாக்கரைச் சற்றே நகைக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஒரு வினா, இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். பல ஆண்டுகளாக அதனை எழுதி வருபவன் யானே.

ஓர் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி அப்பலகையில் யான் எழுதியவற்றையும், அதனால் எனக்கு நேர்ந்த தலைகுனிவையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். அதற்கு முன்னர், விருப்பமுடையோர் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்க. மூன்று வினாக்கள் கேட்பேன். விடைகள் பேச்சினூடே தாமாக வரும்.

முதலாவது: தாம் வரையாத ஒரு கேலிச்சித்திரத்துக்காகப் பள்ளியினின்றும் விலக்கப்பட்டு, பிற்காலத்தில் தம் மனைவியாரின் கைவிரல் எலும்புகளை உலகுக்குக் காட்டியவர் யார்? இரண்டாவது: செகசிற்பியார் என்பவர் எந்த நாட்டுப் புலவர்? மூன்றாவது: ஒரு வகுப்பில் எத்தனை மாணாக்கர் இருந்தால், அவர்களுள் இருவர் ஒரே நாளிற் பிறந்தவராயிருத்தல் இல்லை என்பதைவிட உண்டு என்பதே கூடுதலான சாத்தியமாகும்? ஆண்டைப் பார்க்க வேண்டியதில்லை. மாதமும் திகதியும் ஒத்தாற் போதும்.

முதல் வினாவுக்கு உரியவர் செருமானிய நாட்டில் 1845ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி பிறந்த வில்லெம் இறொன்ட்ஜன். ஒல்லாந்தில் உள்ள உற்றெக்ட் நகரில் அவர் பயின்றபொழுது, ஓர் ஆசிரியரின் உருவத்தைக் கேலியாக வரைந்தாரென்று குற்றஞ்சாட்டிப் பள்ளியினர் அவரை வெளியேற்றினர். வரைந்தவன் வேறொரு மாணவன். அதிபர் நாற்காலியில் அமர்ந்திருப்பவன் இக்கதையைச் சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொள்ளவே வேண்டியிருக்கின்றது. அந்த மாணாக்கரே 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் தம் மனைவியாரின் கையை அக்கதிரின் வழியில் வைத்துப் படம் பிடித்தார். எலும்பும் விரலில் இருந்த மோதிரமும் தெரிந்தன. பௌதிகத்துக்கான முதலாவது நோபெற் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை தேடவில்லை. நம் பிள்ளைகள் வைத்தியசாலையிற் கையை நீட்டிப் படம் எடுக்கும்பொழுது அவருக்கென்று ஒரு சதமும் எவரும் கட்ட நேர்ந்ததில்லை.

அதே மார்ச் 27இல், 1899ஆம் ஆண்டு, மார்க்கோனி பிரான்சின் கரையிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்துக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பினார். இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்போர் அந்த நாளை நினைத்தல் தகும். 1968இல் இதே நாளில், விண்வெளிக்கு முதன்முதல் சென்று மீண்ட யூரி ககாரின், பயிற்சி விமானம் ஒன்று வீழ்ந்து, தமது 34ஆம் வயதில் மாண்டார். அவர் 1961ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்திருந்தவர்.

இவை மூன்றையும் அழகாக எழுதி, கீழே ஒரு வினாவும் சேர்த்து, மனநிறைவோடு நின்றேன். கூட்டம் கலைந்தபின் ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி பலகையருகே தயங்கி நின்றாள். குருமண்வெளியிலிருந்து நாள்தோறும் படகுப் பாதையில் வாவியைக் கடந்து வருபவள். அவள் கேட்டது இதுதான்: “சேர், நம்மட பக்கத்தில ஒருத்தரும் பிறக்கல்லியா?”

நகைத்துவிட்டு நகர எண்ணினேன். நகர முடியவில்லை. ஏனெனில், அந்தக் கணத்தில் எனக்கு நினைவு வந்தது. அவள் ஏறிவரும் அத்துறையிலிருந்து நெடுஞ்சாலைக்குச் சென்று, தெற்கு நோக்கிப் போய், கல்முனையையும் சாய்ந்தமருதையும் கடந்தால் வருவது காரைதீவு. அங்கே 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில், சாமித்தம்பி கண்ணம்மை தம்பதியருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனன். அவரே நம் விபுலானந்த அடிகளார்.

செருமானியரையும் உருசியரையும் நினைவில் வைத்திருந்தவன் அடிகளாரை விட்டுவிட்டேன். அதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். அடிகளார் மறைந்த ஜூலை 19ஆந் திகதியைப் பாடசாலைகளில் விழாவெடுத்துக் கொண்டாடிப் பழகிவிட்டோம்; அதனால் பிறந்தநாள் மறைந்துநிற்கின்றது. மற்றொரு குழப்பமும் உண்டு. நம் நாட்டில் மார்ச் மாதத்தையே பங்குனி என்று எழுதுவோர் பலர். அடிகளார் பிறந்ததோ கர வருடம் பங்குனி 16ஆம் நாள். அதனைப் படித்துவிட்டு மார்ச் 16 என்று எழுதிவைப்போரும் உளர். ஆயினும், இச்சமாதானங்களை அச்சிறுமியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து, ககாரினுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் அவர் பெயரை எழுதினேன்.

அன்று பாடவேளை ஒன்றில் அந்த வகுப்புக்கு அவரைப் பற்றிச் சொன்னேன். கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிட்சு சிரேட்டப் பரீட்சையிற் சித்தியெய்தியவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் தேறியவர்; இலங்கையிலிருந்து அதிற் சித்திபெற்ற முதல்வர் அவரே. பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். பண்டிதரும் விஞ்ஞானியும் ஒருவரேயாயிருந்தமை தற்செயலன்று. யாழ் நூலுக்கு இவ்விரண்டும் வேண்டியிருந்தன. 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, இரண்டாண்டுகளில் துறவு பூண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். இவ்விரு பதவிகளைக் காட்டிலும், கல்லடி உப்போடையில் அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயமே எம் போன்ற ஆசிரியருக்கு அணுக்கமானது. அவர் துயிலுமிடமும் அதன் வளவுதான்.

யாழ் நூலைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பழந்தமிழர் வாசித்த யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து போயிற்று. பெயர்கள் எஞ்சின, கருவிகள் எஞ்சவில்லை. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று உரையாசிரியர் எழுதிவைத்தார்களேயன்றி, எந்த நரம்பை எவ்வளவு நீளத்திற் கட்டினால் எந்தச் சுரம் எழும் என்பதை ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. அடிகளார் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு, அதனோடு கணிதத்தையும் ஒலிநூலையும் சேர்த்து, அச்செய்தியை மீட்டெடுக்க முயன்றார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு தாயி மேலே ஏறும் என்பதை எந்த மாணவனும் ஒரு கம்பியையும் இரண்டு ஆணிகளையும் கொண்டு சோதிக்கலாம். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக விகிதங்களைக் கணக்கிட்டுச் செல்லும் வழியே அவர் சென்ற வழி. பல்லாண்டு உழைப்பின் பின் அந்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் வெளியிட்டனர். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் தஞ்சை நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அவர் கணித்தவாறு செய்த யாழ்களை அங்கே வாசித்தும் காட்டினார்கள். உடல் நலிந்த நிலையில் அதில் அமர்ந்திருந்த அடிகளார், ஆறு வாரங் கழித்துக் கொழும்பில் மறைந்தார்.

இனி இரண்டாவது வினா. செகசிற்பியார் என்று அடிகளார் தமிழ்ப்படுத்திய புலவர் ஆங்கில நாட்டுச் சேக்சுபியரே! 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடக நூலில், சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து ஆராயும்போது அவர் இப்பெயரை ஆண்டார். உரோமியோவும் யூலியத்தும் அங்கே இரம்மியனும் சுசீலையும் ஆயினர். இன்றைய மாணாக்கர் இதைக் கேட்டுச் சிரிக்கின்றனர், சிரிக்கட்டும். ஒருமுறை கேட்டால் மறப்பதில்லை.

இதில் ஒரு வியப்பான பொருத்தம் உண்டு. 1962ஆம் ஆண்டு முதல் உலக நாடக தினமாகக் கொண்டாடப்பெறுவதும் மார்ச் 27ஆந் திகதியே. பாரிசு நகரில் நாடக விழாவொன்று தொடங்கிய நாளைக் கருதி அத்திகதியைத் தெரிந்தார்கள்; காரைதீவை அவர்கள் கருதியிருக்க நியாயமில்லை. ஆயினும், வடமோடியும் தென்மோடியும் ஆடும் நாட்டில் பிறந்து, நாடக இலக்கணம் எழுதியவரின் பிறந்தநாளும் அதுவாக அமைந்துவிட்டது. முதல் உலக நாடக தினம் வந்த அதே 1962இல்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எம் நாட்டுக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்று ‘கர்ணன் போர்’ ஆடுவித்தார். 1964இல் ‘இராவணேசன்’ தொடர்ந்தது. வட்டக்களரியில் அண்ணாவியார் மத்தளம் முழங்க விடியவிடிய ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கியது சரியா என்று எம் ஊர் முதியோர் இன்னும் வழக்காடுகின்றனர். அவர்கள் கட்சியிலும் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். ஆனால், சுருக்கியிராவிடில் கண்டி மலையில் அதனை யார் பார்த்திருப்பர்? இன்று கல்லடியில் அடிகளாரின் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று இயங்குகின்றது. கூத்து அங்கே பாடமாகியிருக்கின்றது.

மூன்றாவது வினாவை நான் மறந்துவிட்டதாக எண்ணவேண்டா. விடை 23. வெறும் 23 பேர் போதும். ஆண்டில் 365 நாள் இருக்க இது எப்படி என்று கேட்பீர்கள். ஒருவரின் பிறந்தநாளை மட்டும் மற்றவரோடு ஒப்பிடுவதன்று இது. ஒவ்வொருவரையும் மற்றெல்லோரோடும் ஒப்பிடுகின்றோம். 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 சோடிகள் வரும். இத்தனை சோடிகளில் ஒன்றாவது ஒத்துவரும் வாய்ப்புப் பாதிக்குச் சற்று மேலே போய்விடுகின்றது. 40 பேர் இருந்தால் அது நூற்றுக்கு 89. நம்பாதவர்கள் தம் பிள்ளைகளின் வகுப்பிற் சோதித்துப் பார்க்கலாம்.

யான் எமது பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புக்களில் சோதிக்கப்போய் ஓர் இடர்ப்பாட்டைக் கண்டேன். சில பக்கங்களில் ஜனவரி முதலாந் திகதி பிறந்தோர் மிகுதியாயிருந்தனர். அத்தனை பேரும் புத்தாண்டிற் பிறந்தவரல்லர். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளையைத் தகப்பனார் கையிற் பிடித்து வந்து நிறுத்துவார். அன்றிருந்த தலைமையாசிரியர் பல்லைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து ஓர் ஆண்டைத் தீர்மானித்து, திகதிக்கு ஜனவரி ஒன்று என்று எழுதிவிடுவார். அந்த ஒரு வரியைக் கொண்டே அப்பிள்ளை வேலைக்குப் போனான், மணம் முடித்தான், ஓய்வூதியமும் பெற்றான். உத்தேச வயதுச் சான்றிதழ் என்று பின்னர் அரசாங்கம் அதற்கொரு பெயரே வைத்திருக்கின்றது.

அந்த மாணவியின் கேள்விக்குப்பின் பலகையின் வலப் பாதியை மாணாக்கருக்கு விட்டுவிட்டேன். இப்பக்கத்து நாள்களை அவர்களே தேடி எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் கொண்டுவந்தவை யான் எதிர்பாராதவை. கல்லடிப் பழைய பாலம் 1924இல் திறக்கப்பட்டதையும், அதன் அருகே 2013இல் புதிய பாலம் எழுந்ததையும் ஒருவன் எழுதினான். நிலவிரவில் அப்பாலத்தடியில் கேட்கும் பாடுமீனைப் பற்றி, 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமெர்சன் தெனந்து எழுதியதை மற்றொருத்தி கண்டுபிடித்தாள். மீனவர் அவரிடம் அது மீனன்று, ஊரி என்னும் சிப்பியின் அழுகை என்றார்களாம்! அடிகளாரோ அவ்வொலியை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டு பாடினார். மீனா சிப்பியா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியை ஒருவன் எழுதியபோது, அந்த இரவைக் கண்ட ஆசிரியர்கள் சிலர் பலகையருகே நின்று நெடுநேரம் பேசினார்கள்.

குருமண்வெளி மாணவி மட்டும் பல மாதம் ஒன்றும் எழுதவில்லை. ஆண்டிறுதித் தவணை முடிகின்ற நாளில் வந்து, தன் அம்மம்மாவின் பிறந்தநாளை எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம், திகதி என்ன என்றேன். அடையாள அட்டையில் 1958 ஜனவரி ஒன்று. அது பொய் என்று அம்மம்மாவே சொல்லுகின்றாராம். 1957ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்க, தோணியில் மருத்துவிச்சியை ஏற்றிவந்த மார்கழி இரவில் தாம் பிறந்ததாகத் தம் தாயார் சொல்லக் கேட்டிருக்கின்றார். எந்த இரவு என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை.

‘மார்கழி, வெள்ளத்தில் ஓர் இரவு: அம்மம்மா பிறந்தார்’ என்று அவள் எழுதினாள். அன்றே விடுமுறை தொடங்கியது. பலகையைத் துடைக்க ஆளில்லை. ஜனவரியிற் பாடசாலை திறந்து யான் வாயிலை அடைந்தபோது, மாரிக் காற்றின் ஈரத்தில் எழுத்து மங்கியிருந்தது, வாசிக்க முடிந்தது.